டோரீன் கிளெக் காரில் தண்ணீர் வந்த வழி

டோரீன் கிளெக் எப்படிப்பட்டவள் என்று எங்கள் பேகப் ஊரில் யாரைக் கேட்டாலும், பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் கரண்டி பிடித்தவள், வாய் நீளம், தட்டில் முட்டைக்கோஸை மிச்சம் வைத்த பிள்ளையை எழுந்திருக்க விடமாட்டாள் என்பார்கள். உண்மைதான். பக்கத்து வீட்டுக்காரன் நான். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அதனால் எனக்கு இன்னும் கொஞ்சம் தெரியும். அவள் அழுது நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன், அதுவும் ஒரு காரால்.

இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அது. துணிக்கூரை. வருஷத்தில் பாதி நாள் மழை கொட்டுகிற பள்ளத்தாக்கில் துணிக்கூரை வண்டி வாங்குகிறவனுக்குப் புத்தி மட்டு என்று வில்ஃபின் முகத்துக்கு நேராகவே சொன்னேன். வில்ஃப் அவள் கணவன். பஸ் டிப்போவில் இன்ஸ்பெக்டராக இருந்தவன். ஓய்வு பெற்ற கையோடு அதை வாங்கினான். எந்நேரமும் கலையாத மடிப்போடு கால்சட்டை போடுவான். டிரைவரின் சட்டையில் ஒரு பொத்தான் இல்லையென்றால் பஸ்ஸையே கிளம்ப விடமாட்டான்.

அந்த வில்ஃபுக்குத்தான் ஞாபகம் போய்விட்டது. பெண்டாட்டி பெயர் சில நாள் வரும், சில நாள் வராது. மத்தியானமானால் டிப்போவுக்கு நேரமாச்சு என்று கோட்டை மாட்டிக்கொண்டு கதவோடு மல்லுக்கு நிற்பான். தடுத்தால் அடிப்பான். டோரீனின் கை கன்னிப்போயிருக்கும். கேட்டால் அலமாரி இடித்துவிட்டது என்பாள். அவன் அடங்குகிற இடம் ஒன்றுதான், அந்தக் காரின் இடப்பக்க இருக்கை. அவள் ஓட்ட, அவன் வேலைக்குப் போகிற திருப்தியோடு எதிரே வரும் பஸ்களையெல்லாம் மேற்பார்வை பார்த்துக்கொண்டு போவான். திரும்பி வந்ததும் டீ குடித்துவிட்டுத் தூங்கிவிடுவான். அந்தச் சவாரிதான் இரண்டு பேரையும் உயிரோடு வைத்திருந்தது.

அப்புறம் கார் ஒழுக ஆரம்பித்தது. ஒரு மழை நாளில் வாசலில் இறங்கிய வில்ஃபின் கால்சட்டை பின்னால் நனைந்திருந்தது. தொட்டுப் பார்த்தான். தலையிலிருந்த தொப்பியை எடுத்து அந்த இடத்தை மறைத்துக்கொண்டான்.

"நீ இல்ல வில்ஃப், வண்டி ஒழுகுது," என்றாள் டோரீன்.

"சமாளிக்காத. எனக்குத் தெரியாதா?"

மறுநாள் அவன் காரில் ஏறவில்லை. அதற்கடுத்த நாளும் ஏறவில்லை. சுவருக்கு அந்தப்பக்கம் பாத்திரங்கள் உருண்டன.

வில்ஃப் மாதிரி ஆட்களைப் பார்த்துப் போகக் கவுன்சிலிலிருந்து வரும் ஃபர்ஸானா நல்ல பெண். அவளே தயங்கித் தயங்கித்தான் சொன்னாளாம். "மிஸஸ் கிளெக், இனிமே உங்களால தனியாச் சமாளிக்க முடியாது. மலைக்கு அந்தப்பக்கம் இருக்கற முதியோர் இல்லத்துல ஒரு எடம் காலியாகுது. கொஞ்ச நாள் தள்ளிப்போடறேன். அதுக்கப்புறம் அவரை அங்க சேக்கச் சொல்லி நான் எழுதித்தான் ஆகணும்."

"அவனை எங்கயும் அனுப்ப மாட்டேன். கார் சரியானாப் போதும்மா," என்றிருக்கிறாள் டோரீன்.

இந்த மாதிரி வண்டி ஒழுகத்தான் செய்யும் என்று மெக்கானிக் சிரித்து அனுப்பிவிட்டான். நேரே என் வாசலுக்கு வந்தாள்.

"எர்னி, ஆயுசு பூரா கூரை போட்டவன்தானே நீ. வா."

"நான் போட்டது கல்லுக்கூரை. இது கைக்குட்டை."

"ஒழுகறதுன்னா எல்லாம் ஒண்ணுதான். குழாயைப் பிடி."

தலையில் குளியல் தொப்பி, கையில் டார்ச்சோடு அவள் காருக்குள் உட்கார்ந்தாள். நான் வெளியே ரப்பர் குழாயால் கீழிருந்து மேலாகத் தண்ணீர் அடித்தேன். மேலிருந்து அடித்தால் எல்லா இடமும் நனைந்து எதுவும் தெரியாது. கதவு விளிம்பிலும் கண்ணாடி விளிம்பிலும் முகப்பவுடர் தூவியிருந்தோம். தண்ணீர் நுழைகிற இடத்தில் பவுடர் கரைந்து கோடு விழும். முன்கண்ணாடியின் மூலையில் கோடு விழுந்தது. அங்கே ரப்பர் இறுகி வெடித்திருந்தது, மாற்றினோம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பயந்தவளுக்கு நிறுத்தத் தெரியுமா? கறுப்புச் சிலிகான் பசையை வாங்கி வந்து, கண்ணில் பட்ட சந்துபொந்தையெல்லாம் ஒற்றை ஆளாக அடைத்தாள். பிறகு வில்ஃபிடம் போய், "கண்டக்டர் ஒருத்தன் டிக்கெட் கொடுக்காம காசு வாங்கறானாம். நீ வந்தாத்தான் ஆகும்ங்கறாங்க," என்றாள். அவன் உடனே எழுந்து கோட்டை மாட்டினான்.

அன்றைக்கு வானம் பொத்துக்கொண்டது. மலையிறக்கத்துச் சிக்னலில் பிரேக் போட்டபோது, இருக்கைக்குப் பின்னாலிருந்து ஒரு வாளித் தண்ணீர் வில்ஃபின் முதுகோடு வழிந்து கீழே இறங்கியது. வீட்டு வாசலில் கார் நின்ற பிறகும் யாரும் இறங்கவில்லை. நான் குடையோடு போனேன். வில்ஃப் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லிடாத, டிப்போவுல சிரிப்பாங்க," என்று தேம்பிக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலம்தான் சுவர் வழியாக டோரீன் அழுவதைக் கேட்டேன்.

காலையில் கூரைத்துணியைத் தூக்கிப் பார்த்தேன். இருக்கைக்குப் பின்னால் ஒரு பள்ளம். அதன் இரண்டு ஓரத்திலும் சுண்டுவிரல் நுழைகிற துளை. இரண்டிலும் கறுப்புப் பசை.

"இதை எதுக்கு அடைச்ச?"

"ஓட்டைதானே?"

"தண்ணி வெளிய போற ஓட்டை, டோரீன். துணி வழியா எறங்கறதெல்லாம் இது வழியாத்தான் கீழ போவணும்."

அவள் குனிந்து பசையை நகத்தால் சுரண்டினாள். "அப்ப நேத்து அவன் மேல ஊத்துனது நான்தானா?"

"ஆமா," என்றேன். பொய் சொல்லி ஆறுதல் தருகிற பழக்கம் எனக்கு எப்போதுமே இல்லை. அவள் பின்னல் ஊசியை எடுத்து வந்து பசையைக் குத்திக் குடைந்தாள். காருக்கடியில் தண்ணீர் கொட்டித் தெருவில் ஓடியது.

அதற்குப் பிறகு எந்த மழையிலும் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. இருக்கையில் பரப்பிய செய்தித்தாள் மொறுமொறுவென்று கிடந்தது. கெஞ்சிக் கூத்தாடி வில்ஃபை மறுபடி ஏற்றினாள். சவாரி தொடர்ந்தது, ஃபர்ஸானாவும் எழுதாமல் விட்டாள். குளிர்காலம் அப்படியே கழிந்தது.

வசந்தத்தில் எங்கள் ஊருக்கே அதிசயமாக ஒரு வாரம் மழையில்லை. தெருவெல்லாம் காய்ந்து கிடந்தது. நான் கேட்டுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தேன். கார் வந்து நின்றது. வில்ஃப் இறங்கினான். அவன் கால்சட்டை நனைந்திருந்தது. இருக்கையும் நனைந்திருந்தது. டோரீன் இருக்கையைப் பார்த்தாள், வெயிலைப் பார்த்தாள். வில்ஃபின் கை பின்னால் போய்த் தடவியது. அவன் முகம் கோணத் தொடங்கியது.

"எர்னி," என்று கத்தினாள் டோரீன். "இந்தப் பாழாப்போனது மறுபடி ஒழுகுது. நீ ரப்பர் மாத்தின லட்சணத்தை வந்து பாரு."

என் வேலையைக் குறை சொன்னவர்களோடு நான் வருஷக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறேன். பிரஷ்ஷை வைத்துவிட்டுப் போய் முட்டி போட்டேன். ஈர இருக்கையில் கை வைத்தேன். அது சூடாக இருந்தது.

"ஆமா வில்ஃப். கண்ணாடி மூலையில வருது. நான்தான் சரியாப் போடல."

வில்ஃப் என்னை மேலும் கீழும் பார்த்தான். நான் யாரென்று அவனுக்குத் தெரியவில்லை.

"வேலையில கவனம் வேணும் தம்பி," என்றான். "பயணிங்க உக்கார்ற எடம். நாளைக்குள்ள முடிச்சாகணும்."

"சரிங்க, இன்ஸ்பெக்டர்."

அவன் நிமிர்ந்து நடந்து உள்ளே போனான். டோரீன் என் பக்கம் திரும்பாமலே, "குழாயை எடுத்துட்டு வா. ஜன்னல்ல நின்னு பாப்பான்," என்றாள்.

அப்படியே நின்று பார்த்தான். ஒழுகாத காரின் மேல் நான் கீழிருந்து மேலாகத் தண்ணீர் அடித்தேன். டோரீன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். அதைப் போடக்கூட இல்லை.