அண்ணிக்குக் காட்டாத பச்சைக் கோடு

அரிமளம் தபாலாபீசில் கட்டுக்கட என்று வரும் தந்தியைக் காதால் கேட்டு எழுதி வாங்குவது என் வேலை. எத்தனையோ வீட்டுச் சாவுகளை இந்தக் கையால் எழுதியிருக்கிறேன். போன மாதம் புதுக்கோட்டையிலிருந்து வந்த தந்தியை எழுத்தெழுத்தாக எழுதிக்கொண்டே போனபோது, பாதியிலேயே பெயர் புரிந்துவிட்டது. சிவசாமி அண்ணன். மீதி எழுத்துகளையும் எழுதித்தான் முடித்தேன். வேலை அப்படி.

புதுக்கோட்டை ஆபீசில் என்னைப்போல அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவருடைய பைத்தியம் தெரியும். யுத்தம் முடிந்து பட்டாளம் கழித்துப்போட்ட மீட்டர்கள், ரேடியோ வால்வு சோதிக்கும் பெட்டிகள் என்று திருச்சி காயலான் கடையில் எதைக் கண்டாலும் விடமாட்டார். பஸ்ஸில் மடியில் வைத்துத்தான் கொண்டுவருவார். அவற்றை வைத்து அவர் ஒரு ரேடியோகூட ரிப்பேர் பார்த்ததில்லை. அசையாமல் கிடந்த முள் ஒருமுறை அசைந்தால் போதும், மனிதர் அன்றைக்குச் சாப்பிட மறந்துவிடுவார்.

அவருடைய திருக்கோகர்ணத்து வீட்டில் ஒருநாள், புதிதாக வந்த பெட்டியை நான் நேராகக் கரண்டில் சொருகப் போனேன். கையைத் தட்டிவிட்டார். இடையில் ஒரு குண்டு பல்பைக் கோத்து, கொஞ்சங் கொஞ்சமாகக் கரண்டை விட்டு, நாள்கணக்கில் காத்திருப்பது அவர் வழக்கம்.

"பல வருசமாச் சும்மா கெடந்தது தம்பி. சட்டுனு எழுப்புனா உள்ள வெடிச்சிரும்," என்றார். பொறுமைக்கும் ஓர் அளவு வேண்டாமா என்று நான் கேலி செய்தேன்.

கடைசி நாலு வருடம் ஓர் ஆசிலாஸ்கோப்போடு போராடினார். கரண்டின் அலையைக் கண்ணாடியில் பச்சைக் கோடாக வரைந்து காட்டும் கருவி அது. முழுசாக முடியட்டும், முதலில் உனக்குத்தான் என்று அண்ணியிடம் சொல்லிவைத்திருந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பியபின் அண்ணி என்னிடம் வந்தார்.

"அந்தக் கோட்ட ஒரு தடவ பாத்துக்கிறேன் தம்பி."

அண்ணனின் பல்பைப் பந்தல் விளக்குக்குக் கழற்றிப் போயிருந்தார்கள். தேடியிருக்கலாம். இன்னொரு நாள் வந்திருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்தபின் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நிமிடம்தானே என்று நேராகச் சொருகினேன், பாவி. கோடு வரவில்லை. உள்ளே படாரென்று ஒரு சத்தம், பிறகு புகை.

அண்ணி அழவில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. "விடுங்க தம்பி. அவுக வந்து பாத்துக்கிருவாக," என்றார். சொல்லிமுடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மறுவாரம் அந்தப் பெட்டியை என்னிடமே கொடுத்தனுப்பினார். என் அறையில் இருக்கிறது. உள்ளே எது போயிற்று என்று எனக்குத் தெரியாது. தெரிந்த ஒருவரும் இப்போது இல்லை. அண்ணனுடையது என்று என்னிடம் இருப்பது, நான் கெடுத்த இது ஒன்றுதான்.