காலியாக வைக்கக் கூடாத குளம்

தங்கவேலு இறந்த செய்தி வந்தபோது அஸ்தம்பட்டியில் என் பம்புசெட் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். நல்ல மழை. போனில் அவர் அண்ணன் பழனியப்பன், "தம்பி நம்மள உட்டுட்டுப் போயிட்டானுங்க" என்றார். விடியற்காலையில் நெஞ்சுவலியாம். இந்த மனுஷனுக்கு என்ன அவசரம் என்று கோபம்தான் முதலில் வந்தது. இன்னும் அது முழுசாகப் போகவில்லை.

அவரோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும், நீச்சல் குளம் கட்டுவதில் அவரைப்போல் நச்சரிப்பவர் கிடையாது. குளத்தைச் சுற்றி ஜல்லி நிரப்பி, துளையிட்ட குழாய் பதித்து, மண்ணில் ஊறும் நீரை ஓரத்துக் குழிக்குக் கொண்டுவந்து மோட்டாரால் இறைத்தே ஆக வேண்டும் என்பார். போர்வெல் போடும் ரிக் வண்டி முதலாளி ஒருவர் சிரித்தே விட்டார். "ஏனுங்க, ஆயிரம் அடி ஓட்டியும் இங்க புகைதான் வந்துச்சு. பத்தடியில எங்கிருந்துங்க தண்ணி வரும்?" தங்கவேலு சிரிக்கவில்லை. "கீழ பாறைங்க. மழைத்தண்ணி எறங்காது, மேலயே நிக்கும். குளம் ரொம்பியிருந்தா கனத்துல உக்காந்திருக்கும். காலி பண்ணுனா மெதக்கும்" என்றார்.

மல்லசமுத்திரத்தில் தன் தோட்டத்திலும் அவர் ஒரு குளம் கட்டியிருந்தார். அவருடைய ஒரே மகள் கிணற்றில் விழுந்து இறந்தவள். அதைப் பற்றிப் பேசமாட்டார். ஊர்ப் பிள்ளைகளுக்கு நீச்சல் மட்டும் கற்றுக்கொடுப்பார். பெண் பிள்ளைகளை வீடு வீடாகப் போய்க் கூட்டிவருவது அவர் மனைவி சரசுவின் வேலை. "நீச்சத் தெரியாத புள்ள நம்மூர்ல இருக்கக்கூடாதுங்க" என்பார் சரசு.

போன வருடம் ஆயுத பூஜைக்கு முன்பு விடாத மழை. வேறொரு வேலைக்கு அவசரமென்று தன் குளத்துக் குழி மோட்டாரையே கழற்றிக்கொண்டு போயிருந்தார் தங்கவேலு. லாரியிலிருந்து கத்தரிக்கோல் வரை கழுவிப் பொட்டு வைக்கிற ஊர் நம்முடையது. குளத்தை மட்டும் அழுக்காக விடலாமா என்று, மழை ஓய்ந்ததும், பழனியப்பன் தண்ணீரை முழுவதும் வெளியேற்றித் தேய்த்துக் கழுவி, சுவரெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தார். மறுநாள் காலை குளத்தின் ஒரு பக்கம் முழங்கால் உயரம் மேலெழும்பி, தரை பிளந்து கிடந்தது. பொட்டுகள் அழியவில்லை. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "அண்ணன் மேல தப்பில்லீங்க. மோட்டாரக் கழட்டுனது நானு" என்றார் தம்பி.

அதன்பின் அவர் சரியாகத் தூங்கவில்லை. இடித்துவிட்டு மறுபடி கட்டினார். உடம்பைப் பார்க்கச் சொன்னோம், கேட்கவில்லை. பூச்சு காயட்டும் என்று இன்னும் தண்ணீர் விடாமல் வைத்திருந்தார். மழை வந்தால் அவரே போய் மோட்டாரைப் போடுவார்.

நான் மல்லசமுத்திரம் போய்ச் சேர்ந்தபோதும் மழை விடவில்லை. அவர் தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த சரசு என் கையைப் பிடித்தார். "அண்ணா, காத்தாலயிருந்து மோட்டாரு யாரும் போடலீங்க. குளம் காலியாக் கெடக்குது. நீங்க போயிப் பாருங்க."

போனேன். குழி நிரம்பி வழிந்தது. மோட்டாரைப் போட்டேன், அது ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. விட்டுவிட்டு வர முடியவில்லை. பறைச் சத்தம் தோட்டம்வரை கேட்டது, பிறகு தூரமாகப் போய்விட்டது. அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. குளம் அசையவில்லை.

அவருடையதென்று என்னிடம் இருப்பது மழை வந்தால் வரும் பயம்தான். வானம் இருட்டினால் கடையைப் பூட்டிவிட்டு மல்லசமுத்திரத்துக்குக் கிளம்பிவிடுகிறேன். பிள்ளைகள் அந்தக் குளத்தில் இறங்கும்வரை அந்தப் பயத்தை நான் விடப்போவதில்லை.