செருப்பு மாட்டும்போது சொன்ன சட்டம்

ஒரு காலைச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டே "கூடும்" என்பார். மறுகாலை நுழைப்பதற்குள் அடுத்தவர் கேட்டிருப்பார். அவருக்குக் "கூடாது." தொழுகை முடிந்து பள்ளிவாசல் இமாம் அன்வருதீன் ஹஜ்ரத் சைக்கிளைத் தொடுவதற்குள் நாலு பேருக்காவது மார்க்கச் சட்டம் கிடைத்துவிடும். யாராவது சுற்றி வளைத்தால், "விஷயத்துக்கு வாங்க பாய், வெயில் ஏறுது" என்பார்.

முல்லா வீதிப் பக்கம் அவருக்குப் பயப்படாத ஆள் குறைவு. தலைப்பாகைக்குத் தானே கஞ்சி போட்டுக்கொள்வார். அதே விறைப்பு பேச்சிலும் இருக்கும். "பக்கத்து வூட்டு கேட்ட மறிச்சு வண்டிய வுட்டுட்டு உள்ள வந்து தொழுவுறீங்க. அந்த வூட்டுக்காரரு வெளிய எப்டி போவாரு?" என்று வெள்ளிக்கிழமை மைக்கிலேயே கேட்பார். பள்ளிவாசல் கமிட்டியார் நெளிந்தால், "சட்டம் தெரிஞ்சவன் வாய மூடிக்கினு இருந்தா அவனும் குத்தவாளிதான்" என்பார். உண்மையில் அதற்காகத்தான் தனக்குச் சோறு போடுகிறார்கள் என்று நம்புகிற மனிதர்.

அந்த வேகம் ஒருநாள் ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைத்தது.

வீதி முனையில் இடியாப்பம் விற்கும் கனீஸ் பாத்திமாவின் கணவர் இறந்திருந்தார். அவள் இத்தா இருந்தாள். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கவேண்டிய காலம் அது. "இத்தாவுல இருக்கற பொம்பள வெளிய போலாமா ஹஜ்ரத்?" என்று கொழுந்தன் ஃபவாஸ் கேட்டபோது இவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். "கூடாது." யார், எதற்காக என்று கேட்கவில்லை.

அடுத்த வாரம் மூடிக்கிடந்த கடையருகே பூக்காரி செல்வாம்பாள் அவரை நிறுத்தினாள். "நீங்கதான் கூடாதுன்னீங்களாமே சாமி. அந்தப் பொண்ணு வூட்ல கொயந்தைங்களுக்கு அக்கம்பக்கந்தான் சோறு குடுக்குது. அது கைநீட்டி வாங்கற பொண்ணா?"

ஹஜ்ரத் நேரே வீட்டுக்குப் போய்ச் சட்டக் கிதாபைத் திறந்தார். பிழைக்க வேறு வழியில்லாதவள் பகலில் வெளியே போய் வரலாம், இரவில் வீடு திரும்பிவிட வேண்டும். ஓதிய காலத்தில் படித்த பாடம்தான். மறந்துபோயிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். கேட்கத்தான் பொறுமை இல்லாமல் போயிற்று. வெட்கம் பிடுங்கித் தின்றது.

கமிட்டிச் செயலாளர் ஃபஹீம் சமாதானம் சொன்னார். "அந்தம்மாவுக்கு மட்டும் ஆள் வுட்டுச் சொல்லிடலாம். மிம்பர் மேடைல ஏறி எதுக்கு? நாளைக்கு நீங்க எது சொன்னாலும், இதுவும் மாறுமான்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். கூடாதுன்னது ஊர் பூரா போயிடுச்சு. கூடும்ங்கறது மட்டும் ஒரு வூட்டோட நின்னா, அவ கடை தொறந்தா ஏசுவாங்க இல்ல?"

வெள்ளிக்கிழமை மைக்கைப் பிடித்தார். "நான் ஒரு சட்டம் தப்பா சொல்லிட்டேன். விசாரிக்காம சொன்னேன். அதனால ஒரு வூட்ல அடுப்பு எரியல." பிறகு சரியான சட்டத்தை இரண்டு முறை நிறுத்திச் சொன்னார்.

சனிக்கிழமை விடிந்ததும் பாத்திமா கடை திறந்தாள். ஆவி பறந்தது, ஆள் வரவில்லை. எதிர் டீக்கடையில் நின்ற ஆண்கள் பார்த்தார்கள், பேசிக்கொண்டார்கள், யாரும் வீதியைக் கடக்கவில்லை. அவள் தட்டை மூடி மூடித் திறந்தாள்.

ஹஜ்ரத் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்தார். நிமிர்ந்து பார்க்காமல், "ஆறு இடியாப்பம் தாங்கம்மா" என்றார்.

"கட்டித் தரவா ஹஜ்ரத்?"

"வாணாம்மா."

தெருவில் உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்திராத அந்த மனிதர், டீக்கடைக்கு நேர் எதிரே நடைபாதை ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மடியில் இலையை விரித்து, பிஸ்மில்லா சொல்லி, முதல் வாயை எடுத்தார்.