வலைப் பேச்சு வந்தால் எழுந்து போகிறவர்

செய்தி எங்கள் அறக்கட்டளையின் வாட்சப் குழுவில் வந்தது. ஆமைக் குஞ்சுகளின் படத்துக்கும் அடுத்த கூட்ட அறிவிப்புக்கும் நடுவில், "நம் அறங்காவலர் பொன்னுத்துரை அண்ணாச்சி இன்று காலை காலமானார்" என்று செயலாளர் போட்டிருந்தார். ஆமைப் படத்துக்கு யாரோ அனுப்பிய கைதட்டல் பொம்மைகள் அதற்குக் கீழே வந்து விழுந்தன. எனக்கு எரிச்சல்தான் வந்தது. அழுகை வரவில்லை. நானும் அவரும் அப்படிப் பழகியவர்கள் இல்லை.

உங்களில் பலருக்கு அவர் வலைக்கடை அண்ணாச்சி. தூத்துக்குடியில் வலையும் கயிறும் விற்கிறவருக்குக் கடல் உயிர்களைக் காப்பாற்றும் அறக்கட்டளையில் என்ன வேலை என்று நீங்களும் கேட்டிருப்பீர்கள். நான் முதல் கூட்டத்திலேயே முகத்துக்கு நேராகக் கேட்டேன். "கொல்லுத சாமான விக்கவன் ஒருத்தன் உள்ள இருக்கட்டும் டீச்சர். இல்லன்னா எல்லாரும் நல்லவங்களாவே பேசிட்டு வீட்டுக்குப் போயிருவீங்க" என்றார். நான் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவள். டீச்சர் என்று கூப்பிடாதீர்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். கடைசிவரை டீச்சர்தான்.

அவருக்குக் குலசேகரன்பட்டினம் பக்கம். தசராவுக்கு நேர்ந்துகொண்டு வேஷம் கட்டி, வீடு வீடாகப் போய்க் காணிக்கை வாங்குவார். ஒரு வருஷம் என் வீட்டு வாசலில் கறுப்புச் சடை போர்த்திய கரடி ஒன்று வந்து நின்றது. சில்லறை எடுக்க உள்ளே திரும்பினேன். "வனவிலங்கு வாசலுக்கே வந்திருக்கு டீச்சர், பாத்துப் போடுங்க" என்றது. அந்தக் குரலைக் கேட்ட பிறகு சில்லறை போட முடியுமா? நோட்டாகப் போட்டேன். அடுத்த கூட்டத்தில் அதை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

எங்கள் அறக்கட்டளையில் ஒரு திட்டம் உண்டு. வலையில் கடல் பசு மாட்டினால் மீனவர் வலையை அறுத்து அதை விட்டுவிட வேண்டும். அறுத்த வலைக்குப் பதிலாக நாங்கள் புது வலை கொடுப்போம். அண்ணாச்சி கடையிலிருந்து ஒரு வலைகூட வாங்கக் கூடாது என்பது அவரே போட்ட நிபந்தனை. அது போதாதென்று, கூட்டத்தில் வலைப் பேச்சு எடுத்தாலே எழுந்துவிடுவார். "யாவாரி காதுல வலைச் சங்கதி விழப்படாது" என்று சொல்லிவிட்டு வராந்தாவில் போய் டீ குடிப்பார். பேசி முடித்ததும் கண்ணாடிக் கதவைத் தட்டி அவரைக் கூப்பிடுவது என் வேலை. அவர் இல்லாவிட்டால் கூட்டம் சீக்கிரம் முடியும் என்பதால் சில நாள் மெதுவாகத்தான் தட்டினேன்.

ஒருமுறை எழுந்தவர் கதவருகே நின்றார். "ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போயிருதேன். கிழிஞ்ச வலைய அறுத்துட்டு வந்து புதுசு கேக்கவனும் இருப்பான். எங்க யாவாரத்துல இதெல்லாம் நாங்க பாத்தது. அறுக்கதுக்கு முன்னால ஒரு போட்டோ எடுத்துட்டு வரச் சொல்லுங்க." ஆதாரம் என்றால் எங்களுக்கு வலிக்குமா? உடனே ஒத்துக்கொண்டோம்.

கொஞ்ச நாளில் திரேஸ்புரத்து மீனவர் சூசை கூட்டத்துக்கு வந்தார். போனில் படத்தைக் காட்டினார். வலைக்குள் கடல் பசு, தெளிவான படம். எல்லோரும் பாராட்டினோம். அறுத்துவிட்ட பிறகு எந்தப் பக்கம் போனது என்று நான் கேட்டேன்.

"எங்க போவ? போனை நனையாம கவர்ல சுத்தி டப்பாக்குள்ள வச்சிருந்தேன். எடுத்து, கையத் தொடச்சு, படம் புடிக்கதுக்குள்ள உசிரு அடங்கிட்டு. மேல வந்து மூச்சு விடுத சீவன்லா. கண்டதும் அறுத்திருந்தா பொழச்சிருக்கும். படம் இல்லன்னா வலை தர மாட்டீங்கல்லா." புது வலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார்.

வராந்தாவில் அண்ணாச்சி அவரிடம் என்ன விஷயம் என்று கேட்டிருக்க வேண்டும். டீ கிளாசோடு உள்ளே வந்தார். வலைப் பேச்சு நடக்கும்போது அவர் உள்ளே வந்தது அன்று ஒரு நாள்தான். உட்காரவில்லை.

"அதக் கொன்னது நாந்தான். இனிமே போட்டோ கேக்காதீங்க. வாயால சொன்னா போதும்னு எழுதுங்க."

"பொய் சொல்லி வாங்கினா என்ன செய்ய அண்ணாச்சி?" என்று பொருளாளர் கேட்டார்.

"பொய் சொல்லுதவனால ஒரு வலை போவும். போட்டும். போட்டோ கேட்டா உசிருல்லா போவுது."

விதியை மாற்றினோம். படியிறங்கும்போது அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். அதற்கு முன் அப்படி இறங்கி நான் பார்த்ததில்லை. அடுத்த கூட்டத்தில் வலைப் பேச்சு வந்ததும் வழக்கம்போல வராந்தாவுக்குப் போய்விட்டார்.

அண்ணாச்சி காலமான பிறகு நடந்த முதல் கூட்டத்தில், அவர் இடத்துக்கு வந்த புதியவர் போட்டோ விதியைத் திரும்பக் கொண்டுவரலாம் என்றார். இப்போது எல்லோர் கையிலும் நல்ல போன் இருக்கிறது, தணிக்கையாளரும் ஆதாரம் கேட்கிறார் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. பாதிப் பேர் தலையாட்டிவிட்டார்கள். நான் கண்ணாடிக் கதவைப் பார்த்தேன். வராந்தா காலியாகக் கிடந்தது.

சூசையின் போனில் பார்த்த படத்தைப் பற்றிச் சொன்னேன். புதியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மேடம், ஆனா பொய் சொன்னா என்ன செய்றது?" என்றார்.

ஆதாரம் இல்லாமல் மாணவர்களை ஒரு வரிகூட எழுத விடாதவள் நான். "பொய் சொல்லுதவனால ஒரு வலை போவும். போட்டும்" என்றேன். அண்ணாச்சியின் பேச்சு அப்படியே என் வாயில் வந்தது. மீதியைச் சொன்னது பொருளாளர்.

விதி மாறவில்லை. என்னை எப்போதும் மேடம் என்றே கூப்பிடும் செயலாளர் கூட்டக் குறிப்பை எழுதி முடித்து, "நீங்க சொன்னபடியே எழுதிட்டேன் டீச்சர்" என்றார். அண்ணாச்சி விட்டுப்போனதில் அவருடைய அந்த வாக்கியமும் இந்தப் பெயரும் என்னிடம் இருக்கின்றன. நான் திருத்தவில்லை.