பூஜையில் வைத்த கேஜ்

1,312. ஊர்வலத்துக்கு வந்த ஆள் கணக்கு இல்லை இது. ஓசூர் ஆலை ஒன்றிலிருந்து 'சரி' என்று முத்திரை குத்திப் போய், பொருந்தவில்லை என்று திரும்பி வந்த உருளைகளின் எண்ணிக்கை. மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முனிலட்சுமி உத்தனப்பள்ளிக்காரி. அப்பன், ஆத்தா இருவரும் கூலி வேலை. அவள் ஐடிஐ முடித்து, அந்த ஆலையில் அளவு பார்க்கும் மேசைக்கு வந்து பதினோரு வருடம். தொழிற்சங்க அலுவலகத்து அலமாரியில் தத்துவம் என்று இருந்ததையெல்லாம் படித்துத் தீர்த்துவிட்டாள். மேற்கொண்டு பேச ஆள் இல்லை.

1999 ஜூனில் ஒரு சிற்றிதழின் பின்னட்டையில் அறிவிப்பு வந்தது. நாம் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் உலகம் தன்பாட்டுக்கு இருக்கிறது என்று சொல்கிற யதார்த்தவாதத் தத்துவத்தை, இன்டர்நெட் வழியாகக் கூடிப் படிக்கிற குழு. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து மெயில் அனுப்பினால் போதும். ஆனால் சும்மா சேர்க்க மாட்டார்கள். 'எல்லோரும் ஒப்புக்கொண்டால் அது உண்மையாகிவிடுமா?' என்ற கேள்விக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும். உள்ளே இருப்பவர்கள் படித்துவிட்டு ஓட்டுப் போடுவார்கள். உள்ளே இருந்தவர்கள் பேராசிரியர்கள், வக்கீல்கள், வங்கி அதிகாரிகள். ஆலைத் தொழிலாளி ஒருவர்கூட இல்லை. முனிலட்சுமிக்கு அந்த இடம் வேண்டும். வேறு எதையும் அவள் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அழகர்சாமி நடத்திய பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தாள். துணைக்கு அதே மேசையில் வேலை செய்யும் சம்பங்கி. முதலில் புத்தகத்துச் சொற்களாகப் போட்டு அரைப்பக்கம் அடித்தாள். படித்துப் பார்த்தால் வேறு யாரோ பேசுவது மாதிரி இருந்தது. அழித்தாள். மதுரைக்காரன் அழகர்சாமி எட்டிப் பார்த்து, "என்னக்கா, காலைல இருந்து அடிச்சு அடிச்சு அழிக்கிறீக. கல்யாணப் பத்திரிகையா?" என்றான்.

அப்போதுதான் அந்த 1,312 அவளுக்கு உறைத்தது.

இரண்டு வருடம் முன்பு. உருளையின் துளையைச் சோதிக்க கேஜ் என்று ஒரு அளவுக் கம்பி உண்டு. துளைக்குள் அது இறங்கினால் உருளை சரி. அந்தக் கேஜே தேய்ந்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். அந்த மாதம் அந்த நாள் ஆயுத பூஜையன்று விழுந்தது. கேஜுக்குச் சந்தனம், குங்குமம் வைத்துப் படத்துக்கு முன்னால் வைத்தாகிவிட்டது. பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுப்பார்களா? யாரும் தொடவில்லை. 'பார்த்தாச்சு, சரி' என்று ரிஜிஸ்டரில் முனிலட்சுமி கையெழுத்துப் போட்டாள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறந்தாள். கேஜ் தேய்ந்து மெலிந்திருந்தது. சிறுத்துப் போன துளையிலும் சுகமாக இறங்கியது. மூன்று வாரம், மூன்று ஷிஃப்ட், எல்லோரும் சரி என்றார்கள். வாங்கிய கம்பெனியில் தண்டு உள்ளே நுழைய மறுத்தது.

விசாரணையில் மெஷின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க வழி இருந்தது. அவள் எழுந்து, கையெழுத்து என்னுடையது என்றாள். ஏழு நாள் சஸ்பெண்ட். கேட் வழியாகத்தான் போனாள், எட்டாம் நாள் அதே கேட் வழியாக நிமிர்ந்து வேலைக்கு வந்தாள்.

இதை எழுதப் போகிறேன் என்றதும் சம்பங்கி அவள் கையைப் பிடித்தாள்.

"இன்னாக்கா இது. படிச்சவங்க கிட்ட போயி நாம பண்ண தப்பையா சொல்லுவாங்க? சேத்துக்கவே மாட்டாங்க. வேற எதனா எழுது."

"தப்பு பண்ணதாலதான்டீ எனக்குத் தெரியும். அவுங்களுக்குப் புஸ்தகத்துல தெரியும்."

பேச்சு வழக்கிலேயே அடித்தாள். கடைசி நாலு வரி இப்படி: "மூணு ஷிஃப்டும் ஒப்புக்கிட்டோம். ரிஜிஸ்டர் ஒப்புக்கிச்சு. சாமிக்கு முன்னாடி வேற வெச்சோம். துளை ஒப்புக்கல." கீழே பெயர், அதற்குக் கீழே 'அளவு பார்ப்பவர், ஓசூர்' என்று போட்டு அனுப்பினாள். ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை.

புதன்கிழமை ஷிஃப்ட் முடிந்து யூனிபாரத்தோடு பிரவுசிங் சென்டருக்குப் போனாள். ஓட்டு முடிவு வந்திருந்தது. எதிர்த்து யாரும் இல்லை. ஆதரவு: 27.