தோத்தவன் அடுக்கணும்

கல்மண்டபத்துல போய் அம்புரோஸ்னு கேட்டா யாருக்கும் தெரியாது. ரெட்டு அம்புரோஸ்னு கேளுங்க, வூடு வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டுப் போவாங்க. ஹார்பர்ல கிரேன் ஓட்டி ரிடையர் ஆனவரு. ஆனா பேரு வாங்கிக் குடுத்தது கேரம் போர்டுதான். ரெட்டு காயின் எந்த மூலையில நின்னாலும் போட்டுடுவாரு.

அந்தக் கைக்குத்தான் கண்ணு பட்டுது. பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோச்சு. "விரலுக்கு வேலை குடுங்க, வந்துடும்"னு டாக்டரு ரப்பர் பந்து குடுத்தாரு. மனுஷன் அதைக் கட்டிலுக்கடியில உருட்டிவிட்டுட்டாரு. பொண்டாட்டி ஐரீன் சோறு ஊட்டும்போதெல்லாம் மூஞ்சி சுவத்துப் பக்கம் திரும்பிக்கும். தன் கையால ஒரு வாய் சோறு, அவ்ளோதான் அவரு ஆசை.

கிளப்பு தோஸ்துங்க, போட் ஓட்டுற திருமலையும் ஆட்டோ ஓட்டுற சுஹைபும், சாயங்காலத்துல போர்டைத் தூக்கிக்கினு வூட்டுக்கே வந்துட்டாங்க. "இடது கை கீதுல்ல? உக்காரு மாமு"ன்னான் சுஹைப். இடது கையால ஆடினாரு, ஜெயிச்சாரு. மறுநாளும் ஜெயிச்சாரு. ஐரீனுக்கு ஒரே சந்தோஷம், டீயோட பஜ்ஜியும் வந்துது.

ஒருநாள் ரெட்டு ஓட்டை வாயிலயே நின்னுது. ஊதினா விழும். சுஹைப் அதை விட்டுட்டான். அம்புரோசுக்கு வந்துதே கோவம்! போர்டை ஒரே தள்ளு. "எனக்குக் கை போச்சு, உனக்குக் கண்ணுமா போச்சு? ஆடறதுன்னா வாங்கடா. பாவம் பாக்க வராதீங்க!"

மறுநாள் சுஹைப் ஆடினான் பாருங்க, ஈவு இரக்கமே இல்ல. கிளப்புல ஒரு வழக்கம் உண்டு. தோத்தவன்தான் காயினையெல்லாம் எடுத்து அடுத்த ஆட்டத்துக்கு அடுக்கணும். இவங்க விட்டுக்குடுத்தே ஆடினதால இத்தனை நாளா அம்புரோசுக்கு அந்த வேலையே வரல.

"அடுக்கு மாமு. இடது கை ஆடி டயர்டா கீது. வலது கை சும்மாதானே கீது?"

ஐரீன் ஓடியாந்தா. "இரும்மா, கிளப்பு ரூலு"ன்னு திருமலை தடுத்துட்டாரு. விரலு நடுங்குது, ஒரு காயினை எடுத்தா ரெண்டு சரியுது, வேர்த்துக் கொட்டுது. டீ ஆறிப்போச்சு. யாரும் கை நீட்டல. கடைசிக் காயினையும் ஒட்டவெச்சுட்டு அம்புரோஸ் நிமிந்தாரு. "ஆட்றா!"

அப்புறம் தினமும் தோத்தாரு, தினமும் அடுக்கினாரு. மழைக்காலம் முடியறதுக்குள்ள தானே சோறு பிசைஞ்சு சாப்பிட்டாரு. ஐரீன் கோயில்ல மெழுகுவர்த்தி ஏத்திட்டு வந்து சுஹைபுக்கு வஞ்சிரம் வறுத்தா.

போன வாரம் அம்புரோஸ் வலது கையாலயே ஆடி சுஹைபைத் தோக்கடிச்சாரு. நிஜமாவே தோத்துட்டான், மூஞ்சி தொங்கிப்போச்சு. வழக்கப்படி அடுக்கக் கையை நீட்டினான். அந்தக் கை மேலயே அம்புரோஸ் வலது கையால ஓங்கி ஒரு அடி போட்டாரு.

"எடு கையை. இது என் வேலை."

சுஹைப் கையைத் தேய்ச்சுக்கினே சிரிச்சான். "திருமலையண்ணே, பாத்தியா? இன்னா அடி!"