இரண்டே பேர் உட்காரும் கார்

சுலைமான் பாய் காலமான செய்தியை எனக்குக் கொண்டுவந்ததும் அவருடைய பஸ்தான். மதுராந்தகத்தில் என் மகள் வீட்டில் இருந்தேன். காலை பஸ், ஸ்டாப்பே இல்லாத எங்கள் வாசலில் வந்து நின்றது. கண்டக்டர் கோவிந்தன் இறங்கி வந்தான். வாயில் இருந்த விசிலை எடுத்துவிட்டு, "முதலியாரே, நம்ம பாய் பூட்டாரு. ராத்திரி தூக்கத்துலயே. ஏறுங்க" என்றான். ஏன் இங்கே நிறுத்தினாய் என்று பஸ்ஸில் இருந்த ஒருவரும் கேட்கவில்லை.

இதைப் படிப்பவர்களில் செங்கற்பட்டிலிருந்து ஓடிய அவருடைய பஸ்களில் ஏறாதவர் குறைவு. அவர் ஆபீசில் மானேஜராகக் குப்பை கொட்டியவன் நான். பள்ளிவாசலுக்குச் செய்தது, கழுக்குன்றம் தேருக்குத் தனி பஸ் விட்டது என்று அவரைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். அவர்கள் பேசட்டும். நான் அந்தப் பச்சைக் காரைப் பற்றிச் சொல்கிறேன். ஊரே அதைப் பாயின் கிறுக்கு என்றது. நானும்தான் சொன்னேன். அவர் செய்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த காரியம் இன்று அதுதான்.

மகாபலிபுரம் கடற்கரைப் பங்களாவில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும் சமயம் அது. சாமான்களை எல்லாம் விற்றுவிட்டார், மிச்சம் அந்தக் கார். பந்தயக் கார் ஜாதி. கூரை என்று பார்த்தால் ஒரு துணி, அதுவும் மடித்துப் பின்னால் கிடக்கும். மூக்கு நீளம், உயரம் என் இடுப்புக்கு வராது. உட்கார இரண்டே பேருக்கு இடம். அதைப் பார்க்க நானும் பாயும் போனோம். பஸ் என்ஜினுக்குள் தலையை விட்டுக் கரியும் எண்ணெயுமாக எழுந்து வருகிற மனிதர், கையை இரண்டு தரம் துடைத்துக்கொண்டு, தொடலாமா என்று கேட்டுவிட்டுத் தொட்டார்.

திரும்பும் வழியில் சொன்னார்: "உள்ள போ, நகந்து உக்காரு, இன்னும் நாலு பேரு ஏறணும்னு கத்தியே வயசு போச்சு முதலியாரே. நகர இடமே இல்லாத வண்டி ஒண்ணு கீது பாத்தீங்களா?"

பணம் இல்லையென்றால் விட்டது தொல்லை என்று இருந்திருக்கலாம். பணம் இருந்தது. அதனால்தான் அவர் தூக்கம் கெட்டது. கம்பெனிக்கு, வழியில் பஸ்களைச் சோதிக்கும் லைன் செக்கிங்குக்கு என்று சொல்லி வாங்கிவிடுங்கள் என்று நான் யோசனை சொன்னேன். முகத்தைச் சுளித்தார். "ஆசைக்கு வாங்குறத ஆசைன்னே சொல்லணும். செக்கிங்குக்கு சைக்கிள் போதாதா?" என்றார். வீட்டில் கேட்டுப் பார்த்திருக்கிறார். "வாங்குறதுன்னா வாங்குங்க, வேணான்னா வேணாம். நாளைக்கு என்னால வாங்கலன்னு மூஞ்சியத் தூக்கிக்கினு குந்தாதீங்க" என்று சொல்லிவிட்டாராம் அந்த அம்மாள். "இருந்த ஒரு சாக்கையும் அவ புடுங்கிட்டா" என்று பாய் சிரித்தார்.

அவரை அரித்தது வேறு. அதையும் ஒரு நாள் டிப்போவில் சொன்னார். "ஸ்டாப்புல ஆளு நிப்பான். நான் டர்ருனு தாண்டிப் போவேன். தூசு அவன் மூஞ்சில அடிக்கும். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கினு டிரைவர ஏன்டா நிறுத்தலன்னு கேப்பேன்? அந்த சீட்டுல குந்துனா நான் தாண்டிப் போற ஆளா ஆயிடுவேனோ?" ஆசை ஒரு பக்கம், இந்தப் பயம் ஒரு பக்கம். வெள்ளைக்காரர் கப்பலேறும் நாள் நெருங்கியது.

ஒரு நாள் ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று அவர் சாவியைக் கொடுத்தார். பாய் ஓட்ட, பக்கத்தில் நான். சதுரங்கப்பட்டினம் போய்க் கழுக்குன்றம் வழியாகத் திரும்புவது என்று ஏற்பாடு. ஆளே இல்லாத ஸ்டாப்பிலும் பாயின் கால் பிரேக்கைத் தொட்டது. சதுரங்கப்பட்டினம் முக்கில், புளியமரத்தடி ஸ்டாப்பில், கூடையோடு அஞ்சலை நின்றிருந்தாள். மீன்காரி, எங்கள் பஸ்ஸின் தினசரிப் பயணி. கார் தானாக நின்றது போல நின்றது.

"இன்னா பாய், மூடியில்லாத வண்டில வந்துக்கினு கீற? பஸ்ஸு இன்னும் வர்ல. சந்தைக்கு நேரமாவுது, மீனு கெட்டுடும்" என்றாள் அஞ்சலை.

பாய் என்னைப் பார்த்தார். மானேஜருக்கு அதற்கு மேல் சொல்லவும் வேண்டுமா? இறங்கினேன். அஞ்சலை ஏறி, சொட்டுகிற கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். "இங்கியே நில்லுங்க முதலியாரே, வந்துர்றேன்" என்று பாய் போய்விட்டார்.

வெயிலில் நின்றேன். எங்கள் பஸ் எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். வந்த பஸ்ஸும் நிற்கவில்லை. கூட்டத்தோடு, கை காட்டிய மானேஜரைத் தாண்டிப் போயிற்று. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

சொன்னபடி பாய் திரும்பி வந்தார். கார் முழுக்க மீன் நாற்றம். நான் பஸ் கதையைச் சொன்னபோது அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நிக்கிறவன் நம்மள நம்பித்தான் நிக்கிறான்" என்றார். மறுநாள் அந்த டிரைவரிடமும் இதையேதான் சொன்னார், குரலை உயர்த்தாமல்.

கார் கதை அத்தோடு முடிந்தது என்றுதான் எண்ணினேன். இரண்டு பேர் வண்டியில் ஊரை ஏற்றுகிறவருக்கு அது எதற்கு? ஆனால் பங்களா வாசலில் இறங்கியதும் பாய் சொன்னார்: "வாங்கிடறேன் முதலியாரே. தாண்டிப் போயிடுவேனோன்னுதான பயம்? ஆளு நிக்கிறப்ப தாண்டக் கால் போவல. அது போதும். இனிமே எனக்கு இன்னா பேஜாரு?" பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த நாத்தத்தோட தொரைகிட்ட திருப்பிக் குடுக்கவும் முடியாது" என்றார்.

வாங்கினார். அந்தப் பக்கத்து இருக்கையில் ஏறாத ஆள் இந்தப் பாதையில் இல்லை. வீட்டம்மா மட்டும் ஏறவில்லை என்பார்கள், அது தப்பு. துணிக் கூரையை இழுத்து மூடி, அவரைக் கடல் பார்க்க அழைத்துப் போனார் என்று எனக்குத் தெரியும். தனியாகவும் போனார், வேகமாகவும் போனார். அதையும் மறைக்க மாட்டார். "நேத்து ஷோக்கா போனேன் முதலியாரே" என்று ஆபீசில் எல்லோர் முன்னும் சொல்வார். ஆசைப்பட்டதற்குக் கூச்சப்படாமலும், அதற்காக யாரையும் தாண்டிப் போகாமலும் இருந்த ஒரு மனிதரை நான் பார்த்திருக்கிறேன். இன்னொருவரைப் பார்க்கவில்லை.

அடக்கம் அவர் சொந்த ஊரான சதுரங்கப்பட்டினத்தில். முடிந்ததும் அதே புளியமரத்தடியில் வந்து நின்றேன். அஞ்சலையும் நின்றிருந்தாள், கூடை இல்லாமல், கண் வீங்கி. பஸ் வந்தது, நின்றது. அவள் ஏறினாள். "ஏறுங்க முதலியாரே" என்று கோவிந்தன் கூப்பிட்டான். பாயின் கார் திரும்பி வந்த ரோடு வளைவையே பார்த்து நின்றேன். "இங்கியே நில்லுங்க, வந்துர்றேன்" என்று அன்று இந்த இடத்தில் சொன்னவர், சொன்னபடி வந்தார். அந்த ஒரு வார்த்தைதான் அவரிடமிருந்து என்னிடம் இருக்கிறது. பஸ் எனக்காகக் காத்து நின்றது. ரோடு வளைகிற இடத்தை இன்னொரு தரம் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன்.